டெங்கு என்று சொன்ன பதினேழு நாட்கள்

எனக்கு ஒரு நாளும் டெங்கு வந்ததில்லை. ஆனால் கிண்ணியாவில் என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும், "நசீர் மெக்கானிக்கா? டெங்கு வந்து மவுத்தாகக் கிடந்து தப்பின ஆள்தானே" என்று சொல்வார்கள். அப்படிச் சொல்ல வைத்தவர்கள் நானும் என் மனைவி ஜெசீமாவும். உண்மையில் நான் பதினேழு நாள் படுத்திருந்தது நகரத்து ஆஸ்பத்திரியின் மனநோய் வார்ட்டில். அந்த வருத்தத்தின், அதாவது நோயின், பெயர் மனச்சோர்வு. அது எப்படி வந்தது, அங்கே என்ன நடந்தது, அதை மறைத்ததால் என்ன ஆனது என்பதை எழுதுகிறேன். முன்னரே எழுதியிருக்க வேண்டும். பிந்திவிட்டேன்.

நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். கிண்ணியாப் பாலத்துக்குக் கிட்ட ஒரு தகரக் கொட்டில்தான் என் வேலைத்தலம். குடாவின் இந்தப் பக்கத்து முஸ்லிம் ஆட்களும், அந்தப் பக்கம் வடக்குக் கரையிலிருந்து தமிழ் ஆட்களும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், கழற்ற முதலே சத்தத்தைக் கேட்டு பிளக்கா, காபரேட்டரா, பம்பா என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு நாள் காலை ஒரு எஞ்சினைக் கழற்றி மேசையில் பரப்பினேன். அதற்குப் பிறகு கை நகரவில்லை. எந்தத் துண்டு எங்கே போகும் என்று தெரியும். மறக்கவில்லை. ஆனால் அதை எடுத்து அங்கே வைப்பது ஒரு மலையைப் புரட்டுகிற வேலையாகத் தெரிந்தது. ஸ்பெனரைப் பிடித்தபடி நண்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை கதிரையில் இருந்தேன். எஞ்சினுக்குச் சொந்தக்காரன் வந்து, "என்ன நானா, இன்னும் தொடங்கல்லியா?" என்று கேட்டான். எங்கள் பக்கம் நானா என்றால் அண்ணன். சாமான் வரவில்லை என்று பொய் சொன்னேன். என் முதல் பொய் அதுதான்.

அதற்கு முன்பே அறிகுறிகள் இருந்தன. விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னரே விழிப்பு வந்துவிடும். பிறகு தூக்கம் வராது. சோறு வாயில் மண் மாதிரி. சாரனை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டியிருந்தது. நெஞ்சுக்குள் யாரோ சாக்கை நனைத்து வைத்த மாதிரி ஒரு பாரம். கவலை என்று சொல்லமாட்டேன். கவலைப்பட்டால் அழலாம். எனக்கு அழுகையும் வரவில்லை.

நெஞ்சு பாரம் என்றதும் எல்லோரும் நெஞ்சைத்தான் பார்த்தார்கள். தனியார் டொக்டர் ஒருவர் "கேஸ்", வயிற்று வாய்வு என்றார். நெஞ்சில் வயர்களை ஒட்டி இதயத்தின் துடிப்பைக் கடதாசியில் கோடாக எடுத்தார்கள். வாய்வழியாகக் கமெரா விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். கழுத்துச் சுரப்பி மெதுவாக வேலை செய்தாலும் மனிதன் இப்படிச் சோர்ந்து போவானாம். அதற்கும் இரத்தம் எடுத்தார்கள். பிளாஸ்டிக் கதிரைகளில் மணிக்கணக்காக இருந்து, பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய், ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லைக் கேட்டோம். "நோர்மல்."

ஜெசீமா ஒவ்வொரு முறையும் "அல்ஹம்துலில்லாஹ்" என்பாள். எனக்கோ ஒவ்வொரு "நோர்மல்" உம் இன்னொரு கல். இரைப்பை நல்லது, இதயம் நல்லது, இரத்தம் நல்லது. அப்படியென்றால் வருத்தமே இல்லை. வருத்தம் இல்லாத ஒருவன் வேலை செய்யாமல் இருக்கிறான் என்றால் பழுது அவன்தான். நான் அப்படித்தான் கணக்குப் பார்த்தேன்.

ஜெசீமாவின் தமையன் ரபீக் மச்சான் வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார். "மச்சான், குறை நினைக்காதீங்க. ஈமான் உறுதியா இருந்தா மனிசனுக்கு இந்த மாதிரிச் சோர்வு வராது."

இறைநம்பிக்கை குறைந்தவனா நான்? ஐந்து நேரமும் தொழுதுகொண்டுதான் இருந்தேன். தொழுகைப் பாயில் நிற்கும்போதும் அந்தச் சாக்கு நெஞ்சில் இருந்தது என்பதை யாரிடம் சொல்வது? அவர் என்னை ஒரு மௌலவியிடம் ஓதிப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மௌலவி நல்ல மனிதர். ஓதி, தண்ணீரில் ஊதித் தந்துவிட்டு, "மனசு சம்பந்தமான டொக்டர் ஒருத்தரிட்டையும் காட்டுங்க, பிந்தாதீங்க" என்றார். ரபீக் மச்சான் தண்ணீர்ப் போத்தலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மௌலவி சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜெசீமா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று, மிகச் சாதாரணமாக, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி, "நான் இல்லாட்டி உங்க எல்லாருக்கும் லேசா இருக்கும்" என்றேன். துருவல் சத்தம் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். அன்று முழுவதும் என்னைத் தனியே விடவில்லை. அடுத்த நாள் காலை ஒரு பையில் இரண்டு சாரனும் துவாயும் வைத்து, என்னை பஸ்ஸில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டி நகரத்துக்குக் கொண்டுபோனாள். என் உயிரைக் காப்பாற்றியவள் அவள். இனி நான் எழுதப்போகும் கசப்புக்கெல்லாம் முன்னால் இது இருக்கட்டும்.

வெளிநோயாளர் மண்டபத்தில் காத்திருக்கும்போது அவளுடைய போன் அடித்தது. ரபீக் மச்சான். "என்ன வருத்தமாம்?" என்று அவர் கத்தியது எனக்கும் கேட்டது. ஜெசீமா சுற்றிவரப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய நுளம்புப் படம் ஒட்டியிருந்தது. நீர் தேங்க விடாதீர்கள் என்று கீழே எழுதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "டெங்குவாம் காக்கா" என்று தமையனுக்குச் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு என் காதுக்குக் கிட்ட வந்தாள். "ஸப்னாட விசயம் பேசிட்டிருக்கிற நேரம். பைத்தியக்கார வார்ட்டில வாப்பா படுத்திருக்கார் எண்டு மூதூருக்குப் போனா, அந்தச் சம்பந்தம் அதோட சரி. மத்த ரெண்டு புள்ளைகளுக்கும் சரி. நீங்க டெங்கு எண்டே சொல்லுங்க."

ஸப்னா எங்கள் மூத்த மகள். மூதூரில் ஒரு நல்ல இடம் பேச்சில் இருந்தது. நான் தலையாட்டினேன். அந்த நேரம் என்னைக் குஷ்டரோகி என்று சொல்லச் சொன்னாலும் தலையாட்டியிருப்பேன்.

டெங்கு மரியாதையான வருத்தம். அது யாருக்கும் வரும், யாருடைய பிழையும் இல்லை. டெங்கு என்றதும் ஊரே திரண்டு பார்க்க வந்தது. பிரச்சினை என்னவென்றால், அவர்கள் மனநோய் வார்ட்டுக்கு வரக்கூடாது. ஆகவே பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், வார்ட்டுத் தாதியிடம் சொல்லிவிட்டு, ஜெசீமாவின் தோளைப் பிடித்தபடி, சாதாரண மருத்துவ வார்ட்டுக்கு வெளியே மரத்தடியில் இருந்த வாங்கில் போய் உட்கார்ந்திருப்பேன். "உள்ளுக்குச் சனம் கூட. டொக்டர்தான் காத்துப்படச் சொன்னவர்" என்று ஜெசீமா எல்லோருக்கும் விளக்கம் கொடுப்பாள்.

எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பிளேட்லட் எவ்வளவு?" டெங்குவில் இரத்தத்தை உறைய வைக்கும் சிறு துணிக்கைகள் குறைந்துகொண்டு போகும், அதுதான் பிளேட்லட். கிண்ணியாவில் சின்னப் பிள்ளைக்கும் அந்தச் சொல் தெரியும். எனக்கு ஒவ்வொரு நாள் காலையும் ஜெசீமா எண் சொல்லித் தருவாள். "இண்டைக்கு ஐம்பதாயிரம் எண்டு சொல்லுங்க. நேத்து அறுபது சொன்னதுதானே, இறங்கத்தானே வேணும்." மூன்றாம் நாள் என்னை மிகவும் கீழே கொண்டுபோனாள். அன்று ரபீக் மச்சான் கண் கலங்கினார். ஈமான் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

பப்பாசி இலைச் சாறு கொண்டுவந்தார்கள். டெங்குவுக்கு அது நல்லது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. ஒரு வீடு இல்லை, ஐந்து வீடு. பச்சையாக, நுரையோடு, போத்தலில். அவர்கள் முன்னாலேயே குடிக்க வேண்டும். கசப்பில் வேப்பெண்ணெய் தோற்றுப்போகும். ஒரு நாள் மூன்று கிளாஸ் குடித்தேன். இல்லாத ஒரு வருத்தத்துக்கு, கண்ணில் தண்ணீர் வரக் குடித்தேன். என் சாச்சி முதுகைத் தடவிவிட்டு, "குடிங்க மகன், எல்லாம் சரியாப் போகும்" என்றா. அந்தக் கை உண்மையான கை. அந்த அன்பு உண்மையான அன்பு. அது இன்னொருவனுக்கு வந்த அன்பு, நான் அவனுடைய பெயரில் நின்று வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் இந்தக் கை வருமா என்று அந்த வாங்கில் இருந்து யோசித்தேன்.

பதில் என் அடுத்த கட்டிலில் இருந்தது. தம்பிராசா ஐயா ஓய்வுபெற்ற தபால் ஊழியர். அவருடைய வீட்டில் யாரும் எதையும் மறைக்கவில்லை. வந்த வருத்தத்தைப் பெயரோடு சொல்லியிருந்தார்கள். நான் இருந்த பதினேழு நாளில் அவரைப் பார்க்க ஒரே ஒரு தடவை மகன் வந்தான். கட்டில் அருகே நின்றபடியே கதைத்துவிட்டுப் போனான். எனக்கு வந்த தோடம்பழங்களை நான் அவருக்குத்தான் கொடுத்தேன். தோலை உரித்துக்கொண்டே ஒரு நாள் சொன்னார், "நசீர் தம்பி, உங்கட டெங்கு நல்ல டெங்கு. எனக்கும் ஒண்டு பிடிச்சுத் தாருங்கோ." இருவரும் சிரித்தோம். மாதக்கணக்கில் நான் சிரித்தது அன்றுதான்.

எங்கள் டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. தமிழைப் படித்துக் கதைத்தா. அவ கதைக்கிற தமிழில் நீண்ட வசனங்கள் இருக்காது. அதனால் ஒளிந்துகொள்ள எனக்கும் இடம் இருக்கவில்லை.

"எது பழுது, டொக்டர்?" என்று கேட்டேன். என் தொழிலில் அப்படித்தான் கேட்போம்.

"ஒண்டு இல்லை" என்றா. "மூளைக்குள்ள சில இரசாயனம் மாறும். குடும்பத்தில முன்னம் யாருக்கும் இருந்தா அதுவும் ஒரு காரணம். நினைக்கிற விதம் ஒண்டு. வாழுற இடம், சுத்தியிருக்கிற ஆக்கள், அது இன்னொண்டு. எல்லாம் சேரும்."

குடும்பத்தில் இருந்தது. வாப்பாவின் தம்பி வருடக்கணக்காக ஒரு அறைக்குள் கதைக்காமல் இருந்தார். எங்கள் வீட்டில் அதற்கு ஜின் என்று பெயர்.

"நினைக்கிற விதம்" என்று அவ சொன்னது எனக்கு முதலில் கோபத்தைத் தந்தது. நீயே நினைத்து நீயே வருவித்துக்கொண்டாய் என்று சொல்கிறா என்று பட்டது. அவ அதை என் முகத்தில் கண்டிருக்க வேண்டும். கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டா.

"ஒரு ஆள் எஞ்சினை உங்களிட்டக் கொண்டு வராம வேற இடத்துக்குக் கொண்டுபோறார். ஒருத்தர் நினைப்பார், அவருக்கு அங்க கிட்ட எண்டு. இன்னொருத்தர் கோபப்படுவார். நீங்க என்ன நினைப்பீங்க?"

"என்ர கை போயிட்டு எண்டு."

"அந்த எஞ்சின் மட்டுமா?"

"இனி எந்த எஞ்சினும் எனக்கு ஏலாது எண்டு."

"இந்த மாசம் மட்டுமா?"

"இனி எப்பவும்."

"பிழை யாருடையது?"

"என்ர."

ஒரு கடதாசியில் மூன்று சொல் எழுதிக் காட்டினா. என்ர. எல்லாம். எப்பவும். "ஒரு கெட்ட விசயம் நடந்தா, இந்த மூண்டு சொல்லும் தானாக வருது. நீங்க கூப்பிடல்ல. பழகிப்போச்சு. மூண்டும் ஒண்டாச் சேர்ந்தா மனிசன் எழும்ப மாட்டார்."

மண்ணெண்ணெய் இல்லாமல் போன வருடத்தைப் பற்றிக் கேட்டா. எங்கள் பக்கத்து எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. அந்த வருடம் நான் விடியமுன்னமே வரிசையில் நின்று வெறும் எண்ணெய்க் கானோடு திரும்பினேன். திருத்திய எஞ்சின்கள் ஓடாமல் கரையில் கிடந்து துருப்பிடித்தன. அதே எஞ்சின்களைத் துரு எடுத்து மறுபடி திருத்தினேன். அவை மறுபடி கிடந்தன. "செய்யிறதுக்கும் நடக்கிறதுக்கும் தொடர்பு இல்லை எண்டு மனம் படிச்சுக்கொள்ளும்" என்றா டொக்டர். "பிறகு எண்ணெய் வந்தாலும், வழி திறந்தாலும், மனம் முயற்சி செய்யாது. படிச்ச பாடம் அப்படி." அது எனக்கு விளங்கியது. எண்ணெய் வந்து எல்லோரும் கடலுக்குப் போன பிறகுதான் என் கை நின்றது.

ஒரு கொப்பி தந்தா. வருகிற நினைப்பை ஒரு பக்கம் எழுத வேண்டும். அதற்கு என்ன ஆதாரம், அதற்கு எதிராக என்ன ஆதாரம் என்று மறுபக்கம் எழுத வேண்டும். "என்னால் ஒரு எஞ்சினையும் திருத்த ஏலாது" என்று எழுதினேன். மறுபக்கம் எழுதத் தொடங்கியபோது, திருத்திய எஞ்சின்களும் அவற்றின் சொந்தக்காரர்களும் ஞாபகம் வந்து பக்கம் நிரம்பியது. அதை எழுதியதும் சுகம் வந்துவிடவில்லை. ஆனால் அந்த நினைப்பு பொய் சொல்லக்கூடியது என்று முதல் தடவையாகத் தெரிந்தது. அதுவே பெரிய விசயம். விழுங்கத் தந்த குளிசை வேலை செய்யத் தொடங்க இரண்டு மூன்று கிழமை பிடிக்கும் என்றார்கள். முதல் நாட்களில் வாய் காய்ந்தது, கை நடுங்கியது. பிறகு ஒரு விடியலில், பாங்குச் சத்தம் கேட்டுத்தான் எழும்பினேன். அதுவரை தூங்கியிருந்தேன்.

இன்னொரு நாள் டொக்டர் என் வீட்டைப் பற்றிக் கேட்டா. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். வாப்பா மவுத்தான பிறகு இரண்டு தங்கச்சிமாருக்கும் நான் வீடு கட்டினேன். முதல் வீட்டுக்கு அத்திவாரம் போடும்போது எனக்கு இருபது வயது. பிறகு நான் கலியாணம் முடித்து ஜெசீமாவின் வீட்டுக்கு வந்தேன். இப்போது மூன்று மகள்மார்.

"உங்களுக்கு ஏலுமா எண்டு யாரும் கேட்டாங்களா?"

"ஆம்பிளையிட்ட அப்படிக் கேக்கிறல்ல, டொக்டர்."

பேனையைக் கீழே வைத்தா. "பொம்பிளையள் கால் நோவு, தலை நோவு எண்டு இஞ்ச வருவாங்க. உள்ளே இந்த வருத்தம் இருக்கும். ஆம்பிளையள் வரமாட்டாங்க. மனிசி இழுத்துக்கொண்டு வரவேணும். வரமுதலே சில பேர் போயிடுறாங்க. இது மூளையில மட்டும் இல்லை, நசீர். நீங்க பிறந்ததில இருந்து எல்லாரும் சேர்ந்து தூக்கி வச்ச பாரம்."

அன்று நான் கொப்பியில் ஒரு நினைப்பை எழுதிக் காட்டினேன். "எனக்கு வந்த வருத்தம் வெளியே தெரிந்தால் என் மகளுடைய சம்பந்தம் குழம்பும்." மறுபக்கத்தில் ஆதாரங்களை எழுதியிருந்தேன். ஊரில் எந்தெந்தப் பேச்சு எதனால் குழம்பியது என்று எனக்குத் தெரியும். எதிரான ஆதாரம் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

"இதுக்கு ஆதாரம் இருக்கு, டொக்டர். இந்த நினைப்பு பொய் இல்ல."

அவ அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தா. "ஓம்" என்றா. "இது உங்கட தலைக்குள்ள உள்ள பிழை இல்லை. இதுக்கு என்னிட்டக் குளிசை இல்லை."

அந்த நேர்மைக்காக நான் அவவுக்கு இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பதிலுக்காக இன்றைக்கும் கசந்துபோயிருக்கிறேன்.

பதினேழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். குளிசையை நிறுத்தாமல் போட வேண்டும், மாதம் ஒரு முறை கிளினிக்குக்கு வரவேண்டும். ஜெசீமா குளிசைகளை ஒரு விற்றமின் போத்தலுக்குள் மாற்றி அலுமாரியில் வைத்தாள். கிளினிக் அட்டையைத் தன் சாரி அடுக்குக்குக் கீழே வைத்தாள். என் பிளேட்லட் நல்லபடி ஏறிவிட்டதாக ஊருக்கு அறிவித்தாள்.

இரண்டு கிழமையில் கொட்டிலைத் திறந்தேன். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ யோகேஸ் வந்தார். வடக்குக் கரையில் மீன்பிடிக்கிறவர், முப்பத்தைந்து வயது இருக்கும், பல வருடமாக என்னிடம் எஞ்சின் கொண்டுவருகிறவர். நல்ல கதைகாரன். அன்று கதைக்கவில்லை. மெலிந்திருந்தார். சேட்டுக் கழுத்து அகலமாகத் தெரிந்தது.

"எஞ்சின் இடைக்கிட நிக்குது நானா" என்றார்.

இழுத்து ஸ்டார்ட் பண்ணினேன். சத்தம் சுத்தமாக இருந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், எண்ணெய்க் குழாயைப் பார்த்தேன். எஞ்சினில் ஒரு பிழையும் இல்லை. அதைச் சொன்னேன். அவர் போகவில்லை. கொட்டிலில் இன்னொரு கதிரையில் ரபீக் மச்சான் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். யோகேஸ் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசையில் கிடந்த ஆணிகளை ஒவ்வொன்றாக உருட்டினார்.

"நானா, உங்களுக்கு என்ன வருத்தம் வந்தது?" என்று மெல்லக் கேட்டார்.

அவர் கேட்ட விதத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணுக்குக் கீழே அந்தக் கருமை, நீர் வற்றிய அந்தக் குரல், எனக்குத் தெரியும். சத்தத்தைக் கேட்டே பிழையைச் சொல்கிறவன் நான். ரபீக் மச்சானின் பேப்பர் அசையாமல் நின்றது. மூதூர்க்காரர் அந்தக் கிழமைதான் வீடு பார்க்க வருவதாக இருந்தது.

"டெங்கு" என்றேன். "பிளேட்லட் இறங்கிப்போச்சு."

"வேற ஒண்டும் இல்லையோ?"

"இல்ல."

"அப்ப சரி நானா" என்றார். எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். தனியே கூப்பிட்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பின்னால் போய்ப் பாலத்தடியில் பிடித்திருக்கலாம். போன் நம்பர் இருந்தது, இரவு எடுத்திருக்கலாம். நாளைக்கு எடுப்போம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படி நினைத்தேன்.

மூதூர்க்காரர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். மேல்மாடி முடியவில்லை என்றார்கள். முடித்துத் தந்தால் பார்க்கலாம் என்றார்கள். அதோடு பேச்சு நின்றது. என் வருத்தம் பற்றி அவர்கள் ஒரு சொல் கேட்கவில்லை. டெங்குவோ, மனச்சோர்வோ, அவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. அந்தப் பொய்யால் எங்களுக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

அது நடந்து மூன்று கிழமை இருக்கும். எஞ்சின் கொண்டுவந்த ஒரு தமிழ்ப் பெடியன் சொன்னான், யோகேஸ் அண்ணை கடலில் தவறிவிட்டார் என்று. படகு கிடைத்ததாம், பிறகு ஆளும் கிடைத்ததாம். ஊரில் விபத்து என்றுதான் கதை. நான் அன்று கொட்டிலைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். அந்த மூன்று சொல்லும் வந்தன. என்ர, எல்லாம், எப்பவும். கொப்பியை எடுத்து எழுதினேன். "அவரை நான் கொன்றேன்." எதிரான ஆதாரத்தை எழுத முயன்றேன். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் காட்டினேன். ஒருவருடைய மரணத்துக்கு ஒரே ஒரு சொல் காரணமாக இராது, பல காரணம் சேரும் என்று சொன்னா. நான் அவரைக் கொல்லவில்லை என்பதை இப்போது நம்புகிறேன். உதவியிருக்கலாம் என்பதையும் நம்புகிறேன். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு அவருடைய வீட்டுக்குப் போனேன். மனைவி முற்றத்தில் வலையைப் பிரித்து, விற்கிறதை ஒரு பக்கம், வைக்கிறதை ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தா. எனக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டா. பிளேன்டீ தந்தா. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்.

"தங்கச்சி" என்றேன். "நான் ஒரு பொய் சொன்னனான். எனக்கு வந்தது டெங்கு இல்லை."

அவ வலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "தெரியும் நானா. அவருக்கும் தெரியும். அவற்ற மாமி முறையான ஒரு ஆள் அந்த வார்ட்டில கூட்டித் துடைக்கிற வேலை. உங்களை அங்க கண்டு வந்து சொன்னவ. அதாலதான் அவர் உங்களிட்ட வந்தவர். நானாவுக்கும் வந்து சுகப்பட்டிருக்கு, நான் போய்க் கேட்டுக்கொண்டு வாறன், என்னையும் கூட்டிக்கொண்டு போவார் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிட்டவர்."

பிளேன்டீயைக் கீழே வைத்தேன்.

"திரும்பி வந்து இந்த இடத்திலதான் இருந்தவர். நான் கேட்டனான், நானா என்ன சொன்னவர் எண்டு. 'நானாவே ஒளிக்கிறார் எண்டா, இது ஒளிக்கவேண்டிய வருத்தம்தான்' எண்டவர். பிறகு அதைப்பற்றி ஒண்டும் கதைக்கேல்லை."

அவ அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு கிழிந்த துண்டை எடுத்துப் பார்த்து விற்கிற பக்கம் போட்டா.

"அண்டைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது நானா. நீந்தத் தெரியாத ஆளும் இல்லை. எனக்குத் தெரியும். ஆனா நீங்கள் ஒரு உதவி செய்யவேணும்."

"சொல்லுங்க."

"இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. கடல் கொண்டுபோன மனிசன் எண்டே இருக்கட்டும். ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு."

ஒரு பொய்யை இறக்கி வைக்க அங்கே போனவன் நான். இன்னொன்றை வாங்கிக்கொண்டு எழும்பினேன். "ஓம் தங்கச்சி" என்றேன்.

ஆகவே இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்: யோகேஸ் என்பது அவருடைய பெயர் இல்லை. அவருடைய திசையும், வயதும், பிள்ளைகளின் எண்ணிக்கையும் நான் சொன்னபடி இல்லை. அவரை யார் என்று தேடாதீர்கள். உங்களில் யாருக்காவது விடியமுதல் விழிப்பு வந்து, சோறு மண்ணாகி, கை நகராமல் போனால், யாரிடமும் கேட்டுப் பார்த்துக் காத்திராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது சுகப்படுகிற வருத்தம். நான் இன்றைக்கு இரண்டு எஞ்சின் திருத்தினேன்.

எழுதி முடித்ததும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் நடுவில் ஒரு தடவையும் மறிக்கவில்லை. கடைசியில், "மூத்தவக்கு இன்னும் ஒண்டும் பொருந்தல்ல" என்றாள்.

"தெரியும்."

"இத வெளியில போடுறதெண்டாப் போடுங்க. என்ர பேரையும் புள்ளட பேரையும் எடுத்திடுங்க. காக்காட பேரையும்."

எடுத்துவிட்டேன். ஜெசீமா, ஸப்னா, ரபீக் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. தம்பிராசா ஐயாவின் பெயரையும் மாற்றிவிட்டேன். இதில் உள்ள உண்மையான பெயர் ஒன்றுதான். நசீர்.